கரிமச் சூரிய மின்கலத்தில் ஏன் இரண்டு பொருள்களைக் கலக்கிறார்கள்?

கரிமச் சூரிய மின்கலத்தில் ஒளியை உறிஞ்சுவது கரிமக் குறைக்கடத்தி. இது கார்பன் அணுத்தொடரை முதுகெலும்பாகக் கொண்ட மூலக்கூறுகளால் ஆன, தக்க சூழலில் மின்சாரத்தைக் கடத்தும் பொருள். அம்மூலக்கூறுகளில் ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறி மாறி வருவதால், சில எலக்ட்ரான்கள் ஓர் அணுவோடு கட்டுண்டு கிடக்காமல் மூலக்கூறு நெடுகப் பரவி நிற்கின்றன. பிளாஸ்டிக் வகைப் பொருளையும் நன்கு மின்கடத்தச் செய்யலாம் என்று 1977இல் காட்டிய ஹீகர், மெக்டியார்மிட், ஷிரகாவா ஆகிய மூவருக்கும் 2000ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

சிலிக்கனில் ஒளி பட்டதும் எலக்ட்ரான் எளிதில் விடுபட்டுவிடும். கரிமப் பொருளிலோ, அது தான் விட்டுவந்த வெற்றிடத்தோடு இறுகப் பிணைந்தே இருக்கிறது. அந்த இணை ஏறத்தாழ 10 நானோமீட்டர் நகர்வதற்குள் பிரிக்கப்படாவிட்டால், பெற்ற ஆற்றல் வீணாகிவிடும். ஆனால் ஒளியைப் போதுமான அளவு உறிஞ்ச, படலத்தின் தடிமன் 100 நானோமீட்டர் அளவில் இருக்க வேண்டும். இந்த முரண்பாடுதான் இத்துறையின் மையச் சிக்கல் என்பேன்.

சிறிது தூரமே நீந்தக்கூடிய ஒருவர் அகன்ற ஏரியின் நடுவில் விழுந்தால் கரை சேர மாட்டார். ஏரியெங்கும் மணல்திட்டுகள் இருந்தால், எங்கு விழுந்தாலும் ஒன்றை எட்டிவிடுவார். அந்த இணை பிரிவது, எலக்ட்ரானைக் கொடுக்கும் பொருளும் வாங்கும் பொருளும் சந்திக்கும் எல்லையில்தான்; அந்த எல்லை எங்கும் அருகிலேயே இருக்கவே இரண்டையும் மிக நுண்ணிய அளவில் பின்னிக் கலக்கிறார்கள். 1986இல் ஆய்வாளர் சிங் டாங் இரண்டு அடுக்குகளாக அமைத்த கலத்தின், ஒளியை மின்சாரமாக்கும் திறன் ஏறத்தாழ 1 விழுக்காடு; கலவைப் படலங்களோ ஆய்வகத்தில் 19 விழுக்காட்டைத் தாண்டியுள்ளன. திறனிலும் நீண்ட நாள் உழைப்பதிலும் சிலிக்கன் இன்னும் முந்தி நிற்கிறது.

‘கரிம’ என்பதற்கான ‘ஆர்கானிக்’ என்ற ஆங்கிலச் சொல்லைக் கேட்டு இதை ரசாயனம் கலவாத இயற்கைப் பொருள் என்று பலர் கருதுகிறார்கள். இங்கு அச்சொல் கார்பன் சேர்மம் என்பதையே குறிக்கிறது, இவற்றில் பயன்படுபவை பெரும்பாலும் செயற்கையாகத் தொகுக்கப்பட்ட மூலக்கூறுகள்.