கிணற்று வெடியில் கல் பறந்தது. தோட்ட உரிமையாளர் மீதும் வழக்கு

கேள்வி: சேர்வராயன் மலையடிவாரத்தில், குப்பனூர் பக்கம் எனக்கு மூன்று ஏக்கர் காடு இருக்கிறது. பழைய கிணற்றை ஆழப்படுத்த ஒரு மேஸ்திரியிடம் அடிக்கணக்கில் பேசி விட்டேன். வெடிக்காரர், வெடிமருந்துத் தோட்டா, அதை வெடிக்க வைக்கும் கேப்பு (டெட்டனேட்டர்) எல்லாம் அவர் கொண்டுவந்ததுதான். வெடி வைத்த அன்று நான் வாழப்பாடியில் இருந்தேன். ஒரு கல் பறந்துபோய்ப் பக்கத்துக் காட்டில் ஆடு மேய்த்த அம்மாவின் காலை முறித்துவிட்டது. போலீஸ் வந்து பார்த்தபோது மீதித் தோட்டாவும் கேப்பும் என் மோட்டார் அறையில் இருந்தன. "நாளைக்கு எடுத்துக்கிறேன்" என்று மேஸ்திரி வைத்துவிட்டுப் போன பெட்டி; சாவி என் வீட்டில். எஃப்.ஐ.ஆரில் மேஸ்திரி, வெடிக்காரர், நான் என்று மூன்று பேர். பாரதிய நியாய சன்ஹிதா 288, 125(பி), வெடிமருந்துச் சட்டம் 9பி, வெடிபொருட்கள் சட்டம் 5 என்று போட்டிருக்கிறார்கள். மேஸ்திரி போனை அணைத்துவிட்டார். வெடி வைத்தது நானில்லையே, நான் எப்படிக் குற்றவாளி? அந்த அம்மாவுக்குப் பணம் கொடுத்துச் சமாதானம் ஆகிவிடலாமா? ஸ்டேஷனில் வாக்குமூலத்தில் கையெழுத்துக் கேட்கிறார்கள், போடலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதுதான் அவசரம். போடாதீர்கள். விசாரணையில் நீங்கள் சொல்வதைப் போலீஸ் எழுதிக்கொள்ளலாம். ஆனால் அதில் உங்கள் கையெழுத்தை வாங்கக் கூடாது என்று புதிய நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 181ஆவது பிரிவு சொல்கிறது. விசாரணைக்குக் கூப்பிட்டால் எழுத்தில் நோட்டீஸ் கேட்டு வாங்குங்கள், போகாமல் இருக்காதீர்கள். கையெழுத்தைப் பற்றிக் கேட்டால், "வக்கீலைக் கேட்டுச் சொல்கிறேன்" என்று மரியாதையாகச் சொன்னால் போதும்.

சரி, இப்போது வழக்குக்கு வருவோம். கல் பறந்த விஷயத்தில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. மோட்டார் அறை விஷயத்தில்தான் எனக்குக் கவலை. இரண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொண்டு "நான் ஊரிலேயே இல்லை" என்ற ஒரே பதிலைச் சொன்னால் முதலாவதற்கு அது உதவும், இரண்டாவதற்கு உதவாது.

புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 125(பி) என்பது கவனக்குறைவான செயலால் கொடுங்காயம் ஏற்படுத்துவது. எலும்பு முறிவு சட்டப்படி கொடுங்காயம். தண்டனை மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இதில் அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டியது, காயத்துக்கு நேரடிக் காரணம் உங்கள் செயல் என்பதை. எத்தனை குழி போடுவது, மருந்து எவ்வளவு இறக்குவது, வாயை எப்படி மூடுவது, சுற்றுவட்டாரத்தில் ஆளை விலக்கிச் சத்தம் கொடுத்தார்களா என்பதெல்லாம் வெடிக்காரர் கையில் இருந்தவை.

உச்ச நீதிமன்றத்தின் குர்பான் உசேன் வழக்கு இங்கே உங்களுக்குப் பயன்படும். 1965 தீர்ப்புத் தொகுப்பில் வந்த பழைய வழக்குதான், ஆனால் இன்றும் எல்லா நீதிமன்றங்களிலும் காட்டப்படுகிறது. பம்பாயில் ஒரு பெயின்ட் தொழிற்சாலை. லைசென்ஸ் நிபந்தனையை மீறி, எரியும் பொருட்கள் இருந்த அறையிலேயே அடுப்பு எரிய விட்டிருந்தார் அதை நடத்தியவர். ஒரு தொழிலாளி அவசரப்பட்டு டர்பன்டைனை ஊற்ற, தீப்பிடித்து ஏழு பேர் இறந்தார்கள். சாவுக்கு நேரடிக் காரணம் அந்தத் தொழிலாளியின் அவசரம், ஆகவே நடத்தியவரை மரணத்துக்குப் பொறுப்பாக்க முடியாது என்று சொல்லி அந்தத் தண்டனையை நீதிமன்றம் நீக்கியது. ஆனால் தீயைக் கவனக்குறைவாகக் கையாண்ட குற்றத்திலிருந்து அவரை விடவில்லை. இந்த இரண்டாவது பாதியை வக்கீல்கள் கட்சிக்காரரிடம் பெரும்பாலும் சொல்வதில்லை. உங்களுக்கு அதுதான் முக்கியம்.

288ஐ வார்த்தை வார்த்தையாகப் படித்தால் அதில் இரண்டு குற்றங்கள் இருப்பது தெரியும். வெடிபொருளைக் கொண்டு உயிருக்கு ஆபத்தாக ஏதாவது செய்வது ஒன்று. தன் வசம் உள்ள வெடிபொருளால் ஆபத்து வராமல் இருக்கத் தேவையான ஏற்பாட்டைச் செய்யாமல் விடுவது இன்னொன்று. முதலாவதில் நீங்கள் இல்லை. இரண்டாவதில் வெடிக்கவே வேண்டாம், காயமே படவேண்டாம். வசம் வைத்திருந்து பாதுகாக்கத் தவறினாலே போதும். தோட்டாவையும் கேப்பையும் ஒரே பெட்டியில், மின்சார மோட்டார் ஓடும் அறையில் வைத்ததைப் பாதுகாப்பு என்று எந்த நீதிபதியும் ஒப்புக்கொள்ள மாட்டார். இரண்டையும் தனித்தனியாக வைக்க வேண்டும் என்பது வெடிக்காரர்களுக்கே பாலபாடம். தண்டனை ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஜாமீன் தரக்கூடிய பிரிவு.

1884ஆம் ஆண்டு வெடிமருந்துச் சட்டத்தின் 9பி, உரிமமில்லாமல் வைத்திருந்ததற்கு. இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 3,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மேஸ்திரியிடம் லைசென்ஸ் இருந்தது என்று வைத்துக்கொண்டாலும், அது உங்கள் மோட்டார் அறைக்குக் கொடுத்த லைசென்ஸ் இல்லை.

உண்மையில் பயப்பட வேண்டியது 1908ஆம் ஆண்டு வெடிபொருட்கள் சட்டத்தின் 5ஆவது பிரிவுக்குத்தான். பத்து ஆண்டு வரை சிறை, ஜாமீனில் விடமுடியாத குற்றம். ஏழு ஆண்டுக்கு உட்பட்ட குற்றங்களில் கைதுக்கு இருக்கும் கட்டுப்பாடு இதற்குப் பொருந்தாது. ஆனால் இந்தப் பிரிவு சதிகாரர்களுக்காக வந்தது. சட்டவிரோதமான நோக்கத்துக்குத்தான் வைத்திருக்கிறார் என்று நியாயமாகச் சந்தேகப்படும் சூழ்நிலை இருந்தால்தான் பொருந்தும். கிணறு வெட்டத்தான் வைத்திருந்தது என்று காட்டிவிட்டால் இது நிற்காது. அரை குறையாக வெட்டிய கிணறு, மேலே குவித்த கல், கம்ப்ரசர் வந்துபோன தடம், மேஸ்திரிக்கு நீங்கள் ஜிபே செய்த கணக்கு, அவரோடு பேசிய போன் பதிவு, வேலைக்கு வந்த ஆட்கள் எல்லாமே அதற்குச் சாட்சி. கிணற்றை இப்போதே தேதியோடு படமெடுத்து வையுங்கள். மாவட்ட ஆட்சியரின் இசைவு இல்லாமல் இந்தச் சட்டப்படி எந்த நீதிமன்றமும் விசாரணை நடத்த முடியாது என்று அதன் 7ஆவது பிரிவு சொல்கிறது. ஆகவே இந்த ஆதாரங்களோடு ஆட்சியருக்கும், விசாரணை அதிகாரிக்கும் இப்போதே மனு கொடுப்பது நல்லது. குற்றப்பத்திரிகை வந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள்.

அதற்கும் முன்னால், இந்த வாரமே சேலம் அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்தில் உள்ள செஷன்ஸ் கோர்ட்டில் முன்ஜாமீன் மனு போடுங்கள். வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் அங்கேயே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணிலும் பேசலாம். வக்கீலிடம் ஒன்றை மட்டும் மறைக்காதீர்கள். பெட்டியை வைக்கும்போது உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்து சாவியை வாங்கினீர்களா, அல்லது சாமான் பெட்டி என்று நினைத்தீர்களா? தெரிந்து வைத்திருந்தாரா என்பதில்தான் 5ஆவது பிரிவே நிற்கிறது. தெரியும் என்றால் தெரியும் என்று சொல்லிவிட்டு, கிணற்று வேலைக்காக என்பதில் ஊன்றி நில்லுங்கள். "எனக்குத் தெரியவே தெரியாது" என்று சொல்லிவிட்டு, பிறகு வேலையாள் ஒருவர் "ஐயாதான் சாவி கொடுத்தார்" என்று சாட்சி சொன்னால், நீங்கள் சொன்ன உண்மைகளையும் யாரும் நம்பமாட்டார்கள்.

சமாதானம் பற்றி. அந்த அம்மாவின் ஆஸ்பத்திரிச் செலவை இன்றே கொடுங்கள், வழக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும். கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டதாக அதில் எதுவும் எழுத வேண்டாம். 125(பி)யை நீதிமன்ற அனுமதியோடு அவர் சமரசம் செய்துகொள்ளலாம். 288ஐயோ வெடிபொருள் பிரிவுகளையோ அப்படி முடிக்க முடியாது, அவை ஊர் முழுவதற்கும் எதிரான குற்றங்கள். உயர் நீதிமன்றத்தில் நடைமுறைச் சட்டத்தின் 528ஆவது பிரிவின் கீழ் வழக்கை ரத்து செய்யக் கேட்கலாம், ஆனால் வெடிபொருள் என்றால் நீதிபதிகள் சுலபத்தில் இறங்கிவரமாட்டார்கள். ஸ்டேஷன் வாசலில் யாராவது "ஒரு தொகை கொடுத்தால் எல்லாம் முடிந்துவிடும்" என்றால் நம்பாதீர்கள்.

மேஸ்திரி ஓடிப்போனது உங்களுக்குச் சாதகமில்லை. கையில் கிடைப்பவர் நீங்கள் என்பதால் வழக்கின் பாரம் முழுவதும் உங்கள் பக்கம் சாயும். அவருடைய ஊர், உறவு, வண்டி எண், தோட்டா எங்கே வாங்கினார் என்பது தெரிந்தால் எழுத்தில் கொடுங்கள். கைப்பற்றிய பெட்டியிலும் தயாரிப்பு விவரம் இருக்கும், அதை வைத்து விற்ற இடத்தைக் கண்டுபிடிக்கலாம்.

கிணற்றில் வெடிக்காமல் நின்ற குழி ஏதாவது இருக்கக்கூடும். வெடிக்காரர் கணக்குச் சொல்லாமல் போய்விட்டதால் யாருக்கும் தெரியாது. உரிமம் பெற்ற வெடிக்காரர் ஒருவர், போலீசுக்குத் தகவல் சொல்லிவிட்டு, இறங்கிப் பார்க்கும்வரை சேறு எடுக்கக்கூட யாரையும் உள்ளே இறக்காதீர்கள். அங்கே ஒரு உயிர் போனால் தண்டனைச் சட்டத்தின் 106ஆவது பிரிவு (கவனக்குறைவால் மரணம்), ஐந்து ஆண்டு வரை சிறை. அப்போது வாழப்பாடியில் இருந்தேன் என்று சொல்ல முடியாது.