ஸ்பானிஷ் சரளமாகப் பேசுவது எப்படி? நாட்டுக்கு நாடு மாறும் பேச்சு வழக்கை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

ஏதாவது ஒரு நாட்டு வழக்கைத் தேர்ந்தெடுத்து அதிலேயே பேசுங்கள். மற்ற வழக்குகளுக்குக் காதை மட்டும் பழக்கினால் போதும், வாயைப் பழக்க வேண்டியதில்லை. கேள்விக்கு என் பதில் இதுதான். இனி விவரம்.

பெங்களூரில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். மெக்ஸிகோ, கொலம்பியா, சிலி, அர்ஜென்டினா வெண்டர்களோடு இன்வாய்ஸ், பேமெண்ட் விஷயமாக ஸ்பானிஷில் பேசுவதுதான் வேலை. மெக்ஸிகோ நகரத்தில் காலை 9 மணி என்றால் நமக்கு இரவு 8.30. அதனால் ஊர் அடங்கும் நேரத்தில்தான் எங்களுக்குத் தொலைபேசி அழைப்புகள் சூடு பிடிக்கும்.

முதலில் சரளம். ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்களுக்கே இந்த மொழியில் வேலை பார்க்கும் அளவு தேற 600 முதல் 750 வகுப்பு மணி நேரம் ஆகும் என்பது அமெரிக்க வெளியுறவுத் துறைப் பயிற்சி நிறுவனத்தின் கணக்கு. நமக்கும் ஏறக்குறைய அவ்வளவு உழைப்பு வேண்டும். ஆனால் தமிழ் பேசுகிறவர்களுக்குச் சில இடங்கள் அவர்களைவிட எளிது. ஸ்பானிஷில் ப, த, க ஒலிகளை மூச்சுக்காற்றுத் தள்ளாமல் சொல்ல வேண்டும்; நாம் பிறந்ததிலிருந்தே அப்படித்தான் சொல்கிறோம். 'தோதோ' என்றால் 'எல்லாம்'. அதை இப்படித் தமிழில் எழுதி நம் வழக்கப்படி வாசித்தாலே போதும். முதல் த அழுத்தமாகவும், இரண்டாவது த 'அது' என்பதில் வருவது போல மெத்தென்றும் விழும். மாட்ரிட்காரரும் அப்படித்தான் சொல்வார். 'அமிகோ'வில் வரும் க-வும் நம் 'பகல்' க-வுக்குப் பக்கத்தில் இருக்கும். ஆங்கிலப் பழக்கத்தில் 'ட' போடுவதை மட்டும் விட்டுவிடுங்கள்.

இலக்கணத்திலும் அப்படியே. 'மே குஸ்தா எல் கஃபே' என்றால் எனக்குக் காபி பிடிக்கும். இதில் 'மே' என்பது 'எனக்கு'. ஆங்கிலம் வழியாகப் போனால் இந்த அமைப்பு தலைகீழாகத் தெரியும், தமிழ் வழியாகப் போனால் நேராக நிற்கும். 'பேசுகிறேன்' என்றாலே 'நான்' தெரிந்துவிடுகிறது அல்லவா, 'ஆப்லோ'வும் அதே மாதிரி. ஆகவே தயவுசெய்து ஆங்கிலத்தை நடுவில் வைத்துக் கற்காதீர்கள். நோட்டில் அர்த்தத்தைத் தமிழில் எழுதுங்கள்.

கடினமான இடங்களும் உண்டு. மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால் என்பது நமக்கு ஒட்டவே ஒட்டாது. விருப்பம், ஐயம், வேண்டுகோள் வந்தால் வினை உருவம் மாறும் அந்த சுப்ஹுந்தீவோ இருக்கிறதே, அதை விதியாக மனப்பாடம் செய்து பயனில்லை. முழு வாக்கியங்களாக வாயில் ஏற வேண்டும். எனக்கு அதற்கு உதவியது ஒரே பயிற்சிதான். லத்தீன் அமெரிக்க நாடுகளின் கதைகளைச் சொல்லும் 'ரேடியோ அம்புலான்தே' என்ற ஒலிபரப்பு இருக்கிறது. அதன் எழுத்து வடிவம் இணையத்தில் கிடைக்கும். இரண்டு நிமிடத் துண்டு ஒன்றை எடுத்துக்கொள்வேன். கேட்டுக்கொண்டே காகிதத்தில் எழுதுவேன். பிறகு எழுத்து வடிவத்தோடு ஒப்பிட்டு, விட்டுப்போன சொற்களைச் சிவப்பில் குறிப்பேன். கடைசியில் பேசுபவரோடு சேர்ந்து, அவர் வேகத்திலேயே சத்தமாகச் சொல்வேன். பி1 நிலை வரை, அதாவது ஐரோப்பிய மொழித்திறன் அளவுகோலில் இடைநிலை வரை, நல்ல வகுப்பு அவசியம். அதற்குப் பிறகு வகுப்பைவிட இந்தப் பயிற்சியும், வாரம் தவறாமல் பேச ஒரு துணையும்தான் கை கொடுக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

சரி, வழக்குகளுக்கு வருவோம். பலரும் சொற்களைக் கண்டுதான் பயப்படுகிறார்கள். பஸ்ஸுக்கு மெக்ஸிகோவில் கமியோன், அர்ஜென்டினாவில் கொலெக்தீவோ, சிலியில் மிக்ரோ, கியூபாவில் குவாகுவா. அதே குவாகுவா சிலியில் கைக்குழந்தை. இதெல்லாம் கேட்டால் ஒரு நொடியில் தெரிந்துகொள்ளலாம், ஒரு முறை தெரிந்தால் மறக்காது. உண்மையில் நம்மைத் திணறடிப்பது ஒலி. அதிலும் முக்கியமாக 'ஸ்'.

மெக்ஸிகோ நகரம், பொகோதா, கீத்தோ, லா பாஸ் போன்ற மேட்டு நிலத்து ஊர்களில் 'ஸ்' தெளிவாக விழும். ஹவானா, கார்தஹேனா, குவயாகில் போன்ற துறைமுக ஊர்களிலும், சிலி முழுவதிலும் சொல்லின் கடைசி 'ஸ்' வெறும் மூச்சாகிவிடும், அல்லது காணாமலே போய்விடும். அந்தக் காலத்தில் தென் ஸ்பெயினின் செவீயாவிலிருந்து கிளம்பிய கப்பல்கள் கடற்கரை ஊர்களோடு ஓயாத தொடர்பு வைத்திருந்தன, அந்தப் பகுதிப் பேச்சே அங்கு ஒட்டிக்கொண்டது, உள்நாட்டு ஆட்சி மையங்களில் மாட்ரிட் அரசவைப் பேச்சின் செல்வாக்கு இருந்தது என்று மொழியியலாளர்கள் விளக்குகிறார்கள். எனக்கு இது வரலாறு மட்டும் இல்லை, தினசரி உதவி. அழைப்பு எந்த ஊரிலிருந்து வருகிறது என்று பார்த்தாலே காதைத் தயார் செய்துகொள்ளலாம்.

வேலையில் இது எப்படி வரும் என்றால், 'லா ஃபக்தூரா' ஒரு இன்வாய்ஸ், 'லாஸ் ஃபக்தூராஸ்' பல. சிலிக்காரர் வாயில் இரண்டாவது 'லஹ் ஃபக்தூரா' என்றுதான் வரும். ஒன்றா பலவா? நான் வினையைப் பிடித்துக்கொள்வேன். 'வரவில்லை' என்பதற்கு 'நோ யெகோ' என்றால் ஒன்று, 'நோ யெகாரோன்' என்றால் பல. 'ஸ்' மறைந்தாலும் வினையின் 'ன்' மறையாது. இந்த ஒன்றைப் பழகிவிட்டால் சிலி, கரீபியன் பேச்சில் பாதிப் பயம் போய்விடும்.

அர்ஜென்டினா வேறு கதை. மெக்ஸிகோக்காரர் 'யோ மே யாமோ' என்று பெயர் சொல்வார், புவனஸ் அயர்ஸ்காரர் 'ஷோ மே ஷாமோ' என்பார். 'நீ' என்பதற்கு 'தூ' இல்லை, 'வோஸ்'. வினையும் மாறும், ஆனால் விதி சுலபம்: மூல வினையின் கடைசி 'ர்' போய் 'ஸ்' வரும், அழுத்தம் கடைசி அசையில் விழும். ஆப்லார் ஆப்லாஸ் ஆகும், தெனேர் தெனேஸ் ஆகும். கொலம்பியாவில், குறிப்பாக பொகோதாவில், நண்பர்களுக்குள்ளேயே 'உஸ்தெத்' ('நீங்கள்') என்று மரியாதையாகப் பேசிக்கொள்வார்கள். அதை விலகலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஸ்பெயினில் நண்பர் கூட்டத்தை அழைக்க 'வொஸோத்ரோஸ்' வேண்டும், லத்தீன் அமெரிக்காவில் அது வழக்கில் இல்லை.

நான் மெக்ஸிகோ வழக்கை எடுத்துக்கொண்டேன். வேலையில் அதுதான் அதிகம், 'ஸ்' தெளிவு, எல்லா நாட்டிலும் புரிகிறது. சிலிக்காரரிடம் நான் சிலி மாதிரிப் பேசுவதில்லை. எங்கள் குழுவிலேயே நாகர்கோவில்காரரும் யாழ்ப்பாணத்துக்காரரும் இருக்கிறார்கள். இருவரும் அவரவர் தமிழில்தான் பேசிக்கொள்கிறார்கள், ஒருவர் சொல்வது மற்றவருக்குத் தங்குதடையின்றிப் புரிகிறது. அதுதான் நான் சொல்லும் இலக்கு.

கணக்கு வேலைக்கு வருபவர்களுக்கு இன்னொன்று. வரி எண்ணுக்கு மெக்ஸிகோவில் ஆர்.எஃப்.சி., சிலியில் ரூத், அர்ஜென்டினாவில் குயித், கொலம்பியாவில் நித். மெக்ஸிகோவில் தசமத்துக்குப் புள்ளி. சிலி, அர்ஜென்டினா, ஸ்பெயினில் காற்புள்ளி. 1.500 என்று சிலியிலிருந்து வந்தால் அது ஆயிரத்து ஐந்நூறு. 'பியோன்' என்று கேட்டால் ஆங்கிலப் பில்லியன் என்று எழுதிவிடாதீர்கள், அது லட்சம் கோடி. தொகை எதுவானாலும் ஒவ்வொரு இலக்கமாகத் திரும்பச் சொல்லி உறுதி செய்துகொள்ளுங்கள். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

தேர்வு எழுத நினைத்தால் தெலே, சியெலே இரண்டும் உண்டு. தெலே சான்றிதழ் ஸ்பெயின் அரசின் மொழி நிறுவனமான இன்ஸ்தித்தூதோ செர்வாந்தெஸ் மூலம் வருவது, ஆயுளுக்கும் செல்லும். சியெலேயை செர்வாந்தெஸோடு மெக்ஸிகோ, சலமன்கா, புவனஸ் அயர்ஸ் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து நடத்துகின்றன. அது கணினியில் எழுதுவது, குறிப்பிட்ட காலத்துக்கே செல்லும். பல நாட்டு வழக்குகளையும் அதில் கேட்கலாம். வேலைக்கு விண்ணப்பிக்கும் அவசரம் இருந்தால் சியெலே, நேரம் இருந்தால் தெலே பி2 என்றுதான் என்னிடம் கேட்கிறவர்களுக்குச் சொல்வேன்.