பல நாட்டு ஆய்வகங்கள் சேர்ந்து உயிரி ஆற்றல் ஆராய்ச்சியில் இறங்கும்போது முதலில் எதைப் பேசி முடிக்க வேண்டும்?

அளக்கும் முறையை. நிதி, தலைமை, பணிப் பங்கீடு எல்லாம் மாதக்கணக்கில் பேசப்படும். மாதிரியை எரித்துச் சாம்பலை எத்தனை டிகிரியில் எடுப்பது என்று மட்டும் யாரும் கேட்க மாட்டார்கள். பிறகு இரண்டு ஆய்வகங்களின் எண்கள் ஒட்டவே ஒட்டாது.

சாம்பலையே பாருங்கள். ஐ.எஸ்.ஓ. 18122 என்ற பன்னாட்டுத் தர முறையில் 550 டிகிரி செல்சியஸ், ஏ.எஸ்.டி.எம். இ1755 என்ற அமெரிக்கத் தர முறையில் 575. நிலக்கரிக்கு வைத்திருக்கும் 815 டிகிரி உலையில் யாராவது உயிர்த்திரளை (மரம், வைக்கோல் போன்றவற்றை) வைத்துவிட்டால் கார்பனேட்டுகள் சிதையும், பொட்டாசியம் உப்புகளில் ஒரு பகுதி ஆவியாகும்; சாம்பல் குறைவாகத் தெரியும். வெப்ப மதிப்பிலும் உயர் மதிப்பா (நீராவி குளிர்ந்து தரும் வெப்பத்தையும் சேர்த்தது), தாழ் மதிப்பா (அதைச் சேர்க்காதது), எந்த ஈரப்பதத்தில் என்று எழுதாத எண்ணால் பயனில்லை. உலர்ந்த மரத்துக்குத் தாழ் மதிப்பு கிலோவுக்குச் சுமார் 18.5 மெகாஜூல், பாதி நீராக இருக்கும் பச்சை மரத்துக்கு அதுவே ஏறத்தாழ 8.

அதிகம் குழம்புவது மீத்தேன் திறன் சோதனையில், அதாவது ஒரு பொருள் காற்றில்லாமல் மட்கும்போது எவ்வளவு மீத்தேன் தரும் என்று பார்ப்பதில். கரிமத் திடப்பொருள் (உலர்ந்த பொருளில் எரிந்துபோகும் பகுதி) கணக்கில், இயங்கும் கலனிலிருந்து எடுத்த நுண்ணுயிர்ச் சேறு இரண்டு பங்குக்குக் குறையாமல், சோதிக்கும் பொருள் ஒரு பங்கு வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று புட்டிகள். சேறு தானே தரும் வாயுவைக் கழிக்கச் சேறு மட்டும் உள்ள புட்டிகளும், சோதனை சரியா என்று பார்க்கச் செல்லுலோஸ் சேர்த்த புட்டிகளும் கட்டாயம். செல்லுலோஸின் கோட்பாட்டு அளவு கிராமுக்கு 414 மில்லிலிட்டர் மீத்தேன். 340 முதல் 395 வரை வந்தால் ஏற்கலாம். குறைந்தால் வாயுக் கசிவையோ சோர்ந்த சேற்றையோ தேடுங்கள். கூடினால் பெரும்பாலும் கணக்கில்தான் கோளாறு: 35 டிகிரியில் ஈரமாக அளந்த வாயுவை 0 டிகிரி, உலர் வாயு நிலைக்கு மாற்றாமல் விட்டாலே 20 சதவீதம் அளவுக்கு மிகை வரும்.

மாதிரியை ஒரே ஆய்வகம் அரைத்து, பங்கிட்டு, ஈரப்பதம் 10 சதவீதத்துக்குக் கீழே உலர்த்தி, காற்றுப் புகாமல் அடைத்து எல்லோருக்கும் அனுப்பட்டும். அவரவர் சொந்த மூட்டையிலிருந்து எடுத்தால் வேறுபாடு பொருளில் இருக்கிறதா, கருவியில் இருக்கிறதா என்று பிரித்தறிய முடியாது.

நுண்ணுயிர்களை எல்லை தாண்டி அனுப்புவது வேறு சங்கதி. மரபு வளங்களின் பலனைப் பகிர்வது பற்றிய பன்னாட்டு ஒப்பந்தமான நகோயா நெறிமுறை 2014 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அதை ஏற்று அனுமதி விதி வகுத்த நாட்டிலிருந்து ஒரு திரிபை (நுண்ணுயிரின் உள்வகையை) எடுத்து நொதி ஆய்வு செய்வதென்றால் முன் அனுமதியும், பலனைப் பகிரும் ஒப்பந்தமும் தேவை. இவை இல்லாமல் வந்த திரிபிலிருந்து நல்ல நொதி கிடைத்தாலும் காப்புரிமைக்குப் போகும்போது சிக்கும். ஒவ்வொரு தரப்பும் ஏற்கெனவே வைத்திருக்கும் காப்புரிமைகளை ஒப்பந்தத்தின் இணைப்பாகவே பட்டியலிட்டுவிடுவது நல்லது.

அமைப்பைப் புதிதாகத் தொடங்க அவசியமில்லை என்பது என் கருத்து. பன்னாட்டு எரிசக்தி முகமையின் கீழ் 1978 முதல் உயிரி ஆற்றல் கூட்டுத் திட்டம் இயங்குகிறது. எரித்தல், வாயுவாக்கம், உயிரி எரிவாயு என்று பணிக்குழுக்கள் மூன்றாண்டுச் சுற்றுகளில் வேலை செய்கின்றன. உங்கள் நாடு உறுப்பினராக இருந்தால், அடுத்த சுற்றுக்கான பணித்திட்டம் எழுதப்படும்போதே உங்கள் ஒப்பீட்டுச் சோதனையை அதில் சேர்க்கக் கேளுங்கள். சுற்று தொடங்கிய பின் இடம் கிடைப்பது கடினம்.