வாசகர் கேட்டவை: மாரிக்கு முன் மோட்டார் சைக்கிள் டயர்

வடகீழ்ப் பருவமழை நெருங்கும்போது டயர் பற்றிய கேள்விகள்தான் அதிகம் வரும். இம்முறை வந்தவற்றில் ஐந்துக்கு இங்கே பதில்.

என்னிடம் இருப்பது சிடி 100. பின் டயர் 3.00-17, தேய்ந்துவிட்டது. 100/90-17 போட்டால் பார்க்கவும் நன்றாக இருக்கும், பிடிப்பும் கூடும் என்று கடையில் சொல்கிறார்கள். போடலாமா?
— வாசகர், கல்முனை

போட வேண்டாம். டயரின் அளவைத் தீர்மானிப்பது ரிம், நம் ஆசை அல்ல.

3.00 என்பது டயரின் அகலம், அங்குலக் கணக்கில். ஏறக்குறைய 76 மில்லிமீற்றர். இந்த அளவு டயருக்கு 1.60 முதல் 2.15 அங்குலம் வரை அகலமுள்ள ரிம் பொருந்தும். 100 மில்லிமீற்றர் அகலமுள்ள 100/90-17 டயருக்கோ 2.15 முதல் 2.75 வரை வேண்டும். உங்கள் ரிம்மில் 1.60×17 அல்லது 1.85×17 என்பதுபோல ஓர் அடையாளம் அடிக்கப்பட்டிருக்கும். பழைய டயரைக் கழற்றும்போது துடைத்துப் பாருங்கள்.

ஒடுங்கிய ரிம்மில் அகன்ற டயரை ஏற்றினால் இரண்டு ஓரமும் உள்ளே நெருக்கப்பட்டு, நடுப்பகுதி முதுகு வளைந்ததுபோல எழும்பி நிற்கும். அகலமாகத் தெரிந்தாலும் தரையில் படும் இடம் குறைந்துவிடும். பிடிப்புக் கூடும் என்ற பேச்சு இங்கேதான் பொய்த்துப்போகிறது. நடு சீக்கிரம் தேயும், வளைவில் வண்டி அசையும். பக்கத்துக்கு 12 மில்லிமீற்றர் கூடுவதால் செயினிலும் மட்காட்டிலும் உரசவும் வாய்ப்புண்டு. போதாததற்கு, கணக்குப்படி டயரின் விட்டம் 584 மில்லிமீற்றரிலிருந்து 612 ஆகிறது. சில்லு ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 5 வீதம் கூடுதல் தூரம் ஓட வேண்டும். 100 சிசி எஞ்சினுக்கு அது சும்மா போகாது, இருவர் ஏறினால் இழுவை விழுவது தெரியும்.

மாற்று அளவு வேண்டுமென்றால் 80/100-17 கேளுங்கள். அகலமும் உயரமும் 3.00-17க்கு மிக நெருக்கம், அதே ரிம்முக்குப் பொருந்தும்.

டிஸ்கவர் வைத்திருக்கிறேன். படுவான்கரைப் பக்கம் கிரவல் வீதியில் தினமும் ஓட்டம். வயல் காலத்தில் மனைவியும் ஓர் உர மூட்டையும் பின்னால். பின் டயர் நடுவில் மட்டும் தேய்கிறது. எந்தப் பூ உள்ள டயர் நல்லது?
— வாசகர், மண்டூர்

பூவை, அதாவது டயரின் மேல்வெட்டை, பிறகு பார்ப்போம். உங்களுக்கு முதலில் வேண்டியது பாரக் கணக்கு.

டயரின் அளவுக்குப் பின்னால் 50பி, 53பி, 55பி என்பதுபோல ஓர் எண்ணும் எழுத்தும் இருக்கும். எழுத்து வேகத்துக்கு, ‘பி’ (P) என்றால் மணிக்கு 150 கிலோமீற்றர், நமக்கு அது தாராளம். எண்தான் பாரம். 45 என்றால் 165 கிலோ, 50 என்றால் 190, 53 என்றால் 206, 55 என்றால் 218 கிலோ. ஒரே அளவு டயர் வெவ்வேறு பார எண்ணோடு விற்பனைக்கு வரும். விலை குறைந்தது பெரும்பாலும் எண் குறைந்ததாக இருக்கும்.

இனி உங்கள் வண்டியை எடுப்போம். வண்டி 120 கிலோ, நீங்கள் 70, மனைவி 55, மூட்டை 50 என்றால் மொத்தம் 295. பாரம் பின்னால் இருக்கும்போது மூன்றில் இரண்டு பங்கு பின்சில்லில்தான் இறங்கும். அதாவது 195 கிலோவுக்கு மேல். எண் 50 உள்ள டயர் இந்தப் பயணத்தில் எல்லையைத் தாண்டிவிட்டது. பள்ளத்தில் விழும்போது ஏறும் அடியை இதில் சேர்க்கவே இல்லை. பக்கச்சுவரில் முட்டைபோல ஓரிடம் புடைத்துக்கொண்டு வருவது இப்படித்தான்: உள்ளே நூல் அறுந்திருக்கும். அதற்கு ஒட்டு கிடையாது, அன்றைக்கே டயரை மாற்ற வேண்டும். ஆகவே உங்கள் வண்டிக்குரிய அளவிலேயே எண் 53 அல்லது அதற்கு மேல் உள்ளதைத் தேடுங்கள். மூட்டையைத் தனி நடையில் கொண்டுபோக முடிந்தால் இன்னும் நல்லது.

டயர் தாங்கும் பாரம் காற்றைப் பொறுத்தது. பக்கச்சுவரில் எழுதியுள்ள கிலோ, பக்கத்திலேயே எழுதியுள்ள உச்சக் காற்றழுத்தத்தில் மட்டுமே பொருந்தும். 100 முதல் 150 சிசி வரையான பல வண்டிகளுக்கு முன்னால் 25, பின்னால் தனியாளுக்கு 28, இருவருக்கு 32 பிஎஸ்ஐ. உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பது கைநூலிலும் வண்டியில் ஒட்டியுள்ள தாளிலும் இருக்கும். ஓட முன், டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். கிரவலில் அடி குறையட்டும் என்று பாரத்தோடு காற்றை இறக்குவது டயரையும் ரிம்மையும் சேர்த்துக் கெடுக்கும். நடு மட்டும் தேய்வதற்குக் காரணம் இதன் மறுபக்கம்: பாரம் உள்ள நாளுக்கு ஏற்றிய காற்றோடு தனியாக ஓடும் நாட்கள். இரண்டு அளவையும் நாளுக்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

பூ என்று வந்தால், நடுவில் நெருக்கமான கட்டைகளும் ஓரத்தில் அகன்ற இடைவெளியும் உள்ளது உங்களுக்குச் சரி. ஓர இடைவெளி மணலையும் சேற்றையும் வெளியே தள்ளும், நடுக்கட்டை காபட் வீதியில் தாக்குப்பிடிக்கும். பெரிய குமிழ் குமிழாக உள்ள டயர் வயல் வரம்புக்கு அழகு. ஆனால் மழையில் நனைந்த கல்முனை வீதியில் பிரேக் பிடிக்கும்போது தரையில் படும் இறப்பர் போதாது.

அலோய் ரிம்தான். டியூப்லெஸ் டயர் போட்டு டியூபை எடுத்துவிடலாமா?
— வாசகர், காத்தான்குடி

அலோய் என்பதால் மட்டும் முடியாது. டியூப்லெஸுக்கென்று செய்த ரிம்மில் அளவோடு ‘எம்டி’ (MT) என்ற எழுத்து இருக்கும். உட்புறம் விளிம்பை ஒட்டிச் சிறு மேடு ஒன்று சுற்றி ஓடும். காற்றுக் குறைந்தாலும் டயரின் ஓரத்தை நழுவவிடாமல் பிடித்திருப்பது அந்த மேடுதான். அது இல்லாத ரிம்மில் டியூப் இல்லாமல் ஓடினால், குழியில் ஒரு அடியோடு மொத்தக் காற்றும் போகலாம். முன்சில்லில் அது நடந்தால் வண்டியை நிறுத்திப் பிடிப்பது கஷ்டம்.

டியூப்லெஸ் டயருக்குள் சரியான அளவு டியூப் போட்டு ஓடலாம். ஆனால் ஆணி ஏறினால் காற்று டியூப் டயரைப்போலவே போய்விடும். ஓரம் இறுக்கமானதால் வீதியோரத்தில் கழற்றுவதும் சிரமம். கூடக் கொடுக்கும் பணத்துக்குப் பலன் இல்லை.

கம்பி ரிம் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. கடற்கரையோரத்தில் உப்புக்காற்று ரிம்மை உள்ளேயிருந்து தின்னும். அந்தத் துருவின் முனை டியூபைக் குத்தும், ஆணியைத் தேடினால் கிடைக்காது. டயர் மாற்றும் நாளிலேயே துருவைச் சுரண்டி, பெயின்ற் அடித்துக் காயவிட்டு, புது ரிம் நாடா போடுங்கள்.

கடையில் பாதி விலைக்கு ஒரு புது டயர் தருகிறார்கள். பக்கத்தில் 1419 என்று இருக்கிறது. பழையதா?
— வாசகி, அக்கரைப்பற்று

ஆம். 2019ஆம் ஆண்டின் 14ஆவது வாரம், அதாவது ஏப்ரல் தொடக்கத்தில் செய்தது. ‘டிஓடி’ (DOT) என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கம் இது. முதல் இரண்டு வாரம், பின் இரண்டு ஆண்டு. ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கலாம், மறுபக்கமும் திருப்பிப் பாருங்கள். ஓடாமல் இருந்தாலும் இறப்பர் காய்ந்து இறுகும். இறுகிய டயர் காய்ந்த வீதியில் குறை காட்டாது, முதல் மழையில் சறுக்கும். நிழலில் வைத்த இரண்டு வருடத்துக்குட்பட்ட டயரை வாங்கலாம். கடை வாசலில் வெயில் படத் தொங்கவிட்டது புதியதானாலும் வேண்டாம். விரலால் வளைத்து, பூவின் அடிப்பள்ளத்தில் மயிரிழை வெடிப்பு உண்டா என்று பாருங்கள்.

புது டயர் போட்டு ஒரு வாரத்தில் டியூப் வால்வின் அடியில் கிழிந்தது. புது டியூப் போட்டும் அதேதான். டயரில் பிழையா?
— வாசகர், மட்டக்களப்பு

டயரில் அல்ல, பூட்டியதில். காற்றுக் குறைவாக ஓடும்போது டயர் ரிம்மில் கொஞ்சம் கொஞ்சமாக வழுகிச் சுற்றும். டியூப் டயரோடு இழுபடும், வால்வு ரிம் துளையில் மாட்டி நிற்கும்; கிழிவது அந்த அடிதான். வால்வு சாய்ந்து நிற்பதைக் கண்டாலே காற்றை இறக்கி நேராக்கிவிட வேண்டும். வால்வு நட்டை ரிம்மோடு இறுக்கிப் பூட்டுவது இன்னொரு பிழை. நட்டை மேலே மூடியோடு சேர்த்து விட்டால், டயர் சற்று வழுகினாலும் வால்வு சாய்ந்து உங்களுக்குக் காட்டும்.

பூட்டும்போது பக்கத்தில் நின்று பார்க்க வேண்டியவை சில. டியூப் டயரின் அளவுக்குரியதாக இருக்க வேண்டும். நீண்டு தளர்ந்த பழையது மடிந்து, மடிப்பில் தேயும். டியூபுக்கு வடிவம் வரும் அளவு மட்டும் காற்று அடித்து, பவுடர் தூவி உள்ளே விட வேண்டும். அம்புக்குறி சில்லு சுற்றும் திசைக்கு. மஞ்சள் புள்ளி இருந்தால் வால்வுக்கு நேரே. ஓரத்தை ஏற்றத் தொடங்குவது வால்வுக்கு எதிர்ப்பக்கம், முடிப்பது வால்வில். கடைசி ஒரு சாண் ஏற மறுத்தால் லீவரால் நெம்பாமல், எதிர்ப்பக்க ஓரத்தை ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் மிதித்து இறக்கினால் கையாலேயே ஏறும். காற்று அடித்தபின், ரிம் விளிம்பை ஒட்டி டயரில் ஓடும் மெல்லிய கோடு சுற்றிலும் ஒரே இடைவெளியில் தெரிய வேண்டும். ஓரிடத்தில் உள்ளே போயிருந்தால் வண்டி துள்ளும். காற்றை இறக்கி, சவர்க்காரத் தண்ணீர் பூசி மறுபடி அடிக்கச் சொல்லுங்கள். 40 பிஎஸ்ஐக்கு மேல் ஏற்றி உட்காரவைக்க விடாதீர்கள்.

வெளியே வந்ததும் முதல் 150 கிலோமீற்றருக்கு மெதுவாகப் போங்கள், வளைவில் சாய்க்காதீர்கள். புது இறப்பரின் வழுவழுப்பு அதுவரை போகாது.