‘சிக்ஸ்’ பார்க்கப் போகும் தங்கச்சிக்கு: எங்கே கத்தலாம், எங்கே சபையே அடங்கும்

லெஸ்டரிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். கோயம்புத்தூரிலிருந்து வந்து நான்கு மாதம்தான் ஆகிறதாம். மகள் இயர் ஃபைவ் படிக்கிறாள், பள்ளியில் டூடர் அரசர்கள் பாடம் நடக்கிறது, பத்தாவது பிறந்தநாளுக்கு லண்டனில் ‘சிக்ஸ்’ மியூசிக்கல் பார்த்தே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். அம்மாவின் கேள்வி இது: “அக்கா, எனக்கு அந்த ராஜா ராணி கதை ஒன்றும் தெரியாது. இங்கே நாடகத்தில் எப்போது கைதட்ட வேண்டும், எப்போது சும்மா இருக்க வேண்டும் என்றும் தெரியாது. ஊரில் மாதிரி விசில் அடித்தால் வெளியே அனுப்பிவிடுவார்களா? பத்து வயதுப் பிள்ளையைக் கூட்டிப்போகலாமா?”

கதை, கைதட்டல் என்ற முதல் இரண்டு கவலையும் தேவையில்லாதவை. மூன்றாவதான பிள்ளை விஷயத்துக்குத்தான் கொஞ்சம் உட்கார்ந்து பேச வேண்டும்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டூடர் வம்சத்து எட்டாம் ஹென்றி 1509 முதல் 1547 வரை இங்கிலாந்தை ஆண்டவர். ஆறு கல்யாணம். அந்த ஆறு பேரின் கதியையும் இங்கே பள்ளிப் பிள்ளைகள் ஒரு வாய்ப்பாடாகவே ஒப்பிப்பார்கள்: விவாகரத்து, தலைவெட்டு, மரணம், விவாகரத்து, தலைவெட்டு, பிழைத்தாள். உங்கள் மகளிடம் கேட்டுப் பாருங்கள், தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வாள். ‘சிக்ஸ்’ அந்த ஆறு ராணிகளையும் கையில் மைக் கொடுத்து ஒரு பாப் குழுவாக மேடையேற்றுகிறது. ஹென்றி மேடைக்கே வருவதில்லை. யார் அவரிடம் அதிகம் கஷ்டப்பட்டாளோ அவள்தான் குழுவின் தலைவி என்று போட்டி. தீர்ப்பு சொல்ல வேண்டியவர்கள், பேச்சுக்கு, பார்க்க வந்த நாம். டோபி மார்லோ, லூசி மோஸ் என்று இரண்டு பேர் கேம்பிரிட்ஜில் மாணவர்களாக இருந்தபோது எழுதியது. 2017-இல் எடின்பரோ ஃபிரிஞ்ச் விழாவில் மாணவர்களே நடித்த சின்ன நாடகமாக ஆரம்பித்தது, 2022-இல் நியூயார்க்கில் நாடகங்களுக்கான டோனி விருது வாங்கும் அளவுக்குப் போயிற்று. 2021 செப்டம்பர் முதல் லண்டனில் ஸ்ட்ராண்ட் சாலையிலுள்ள வாட்வில் தியேட்டரில் நடக்கிறது. இடைவேளை கிடையாது, மொத்தமே 80 நிமிடம். அதனால் உள்ளே போவதற்கு முன்பே பிள்ளையை பாத்ரூமுக்குக் கூட்டிப்போய்விடுங்கள். சிரிக்காதீர்கள், நடுவில் வரிசையையே எழுப்பிவிட்டு வெளியே போவதைப் போல ஒரு சங்கடம் இங்கே இல்லை.

இனி சபை. லண்டனில் மற்ற நாடகங்களுக்குப் போனால் மிட்டாய்த்தாள் சரசரத்தால்கூட முன்வரிசையிலிருந்து ஒரு தலை மெல்லத் திரும்பும். ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள், அந்தப் பார்வையே போதும். நானும் வந்த புதிதில் இருமலை அடக்கிக்கொண்டு கண்ணில் தண்ணீர் வர உட்கார்ந்திருந்தவள்தான். ‘சிக்ஸ்’ அந்தச் சாதி இல்லை. விளக்கு அணைந்து, ஆறு பேரும் நிழலாக வந்து நிற்கும்போதே கூரை அதிரும். வருகிறவர்களில் பெண்கள்தான் அதிகம்: அம்மாவும் மகளும், பள்ளித் தோழிகள், கல்யாணத்துக்கு முன் தோழிகளோடு ஆட்டம் போட வந்த மணப்பெண்கள். ஒவ்வொரு ராணிக்கும் ஒரு நிறம் உண்டு. அரகான் தங்கம், பொலின் பச்சை, கிளீவ்ஸ் சிவப்பு, ஹோவர்ட் இளஞ்சிவப்பு, கேத்தரின் பார் நீலம், சீமோருக்கு வெள்ளையும் கறுப்பும். பிள்ளைகள் தங்களுக்குப் பிடித்த ராணியின் நிறத்தில் ஜிகினா வைத்த பாவாடை, தலையில் கிரீடம் என்று வந்து நிற்பார்கள். உங்கள் மகளும் கேட்பாள். பட்டுப்பாவாடையில் அந்த நிறம் இருந்தால் அதையே கட்டிவிடுங்கள், ஜிகினா கூட்டத்தில் அதுதான் எடுப்பாக இருக்கும்.

ராணிகள் நேராக நம்மைப் பார்த்துத்தான் பேசுவார்கள், கேள்வி கேட்பார்கள், பதில் சத்தத்துக்காக நிற்பார்கள். கத்துவது அங்கே மரியாதைக் குறைவாகாது. விசிலுக்குத் தடை ஒன்றும் இல்லை, ஆனால் இவர்கள் அடிப்பதில்லை. ‘வூ...’ என்று நீட்டி ஒரு கூவல், அதுதான் இவர்களுடைய விசில். கூடவே பாடுவதில்தான் கவனம் வேண்டும். 2018-இல் பாட்டுகள் ஆல்பமாக வந்தது முதல் பிள்ளைகளுக்கு வரிக்கு வரி மனப்பாடம். வாயசைக்கலாம். குரல் விட்டால், பக்கத்துச் சீட்டுக்காரர் பணம் கொடுத்தது மேடையில் இருப்பவளைக் கேட்க, நம்மைக் கேட்க இல்லை. 2023 ஏப்ரலில் மான்செஸ்டரில், விட்னி ஹூஸ்டன் பாட்டுகள் வரும் ஒரு மியூசிக்கலில், சபையில் சிலர் நடிகையை மிஞ்சிப் பாடி, காட்சியைப் பாதியில் நிறுத்தி, போலீஸ் வரும்வரை போய்விட்டது. அதற்குப் பிறகு இந்த விஷயத்தில் எல்லாருக்குமே கொஞ்சம் உஷ்ணம். போனையும் பையிலேயே வைத்துவிடுங்கள். கடைசியில் ‘மெகாசிக்ஸ்’ என்று எல்லாப் பாட்டையும் கலந்து ஒரு சின்ன ஆட்டம் வரும். அதை மட்டும் படமெடுக்க அனுமதி உண்டு, ஊழியர்களே சொல்வார்கள். அப்போது சபையே எழுந்து நிற்கும், நீங்களும் எழுந்துவிடுங்கள்.

வரிசையாகப் பார்த்தால் முதலில் ஸ்பெயினிலிருந்து வந்த முதல் மனைவி அரகான் ராணி வந்து அதிகாரமாக ஒரு பாட்டு பாடிவிட்டுப் போவார். லண்டனில் அந்த வேடத்தில் முதலில் பாடியவர் ஒரு கறுப்பினப் பெண். ஆறு பேரில் பல நிறத்தவர் இருப்பதால், ஸ்பெயின் இளவரசி எப்படி இருந்திருப்பாள் என்ற விசாரணைக்கு அங்கே இடமே இல்லை. நடிகைகள் மாறிக்கொண்டே இருப்பார்கள், அந்தக் கலவை மட்டும் மாறாது. சபையில் வெள்ளைக்காரர்தான் அதிகம் இருப்பார்கள், அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். அதனால் யாரும் முறைக்க மாட்டார்கள்.

அடுத்து ஆன் பொலின். தலை போனதைச் சொல்லிச் சொல்லியே ஜோக். சபை விழுந்து விழுந்து சிரிக்கும். நானும் சிரித்தேன். 1536 மே 19, கடல் கடந்து வரவழைத்த வாள்காரர், லண்டன் டவர் என்ற கோட்டைக்குள்ளேயே கதை முடிந்தது. அதன் நினைவாக அந்தக் கோட்டைக்குள் இன்று கண்ணாடியில் ஒரு தலையணை செய்து வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்தவர்களுக்குச் சிரிப்பு கொஞ்சம் தாமதமாகத்தான் வரும்.

ஜேன் சீமோர் பாடும்போது ஆட்டம் நின்று, ஒற்றைக் குரல். 1537 அக்டோபரில் மகனைப் பெற்று 12 நாளில் போய்ச் சேர்ந்தவர். நான் பிரசவ வார்டில் வேலை செய்கிறவள், அந்தப் பாட்டைப் பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன்.

கிளீவ்ஸ் ராணிக்கு விழும் கைதட்டல்தான் எனக்குப் பிடித்தது. ஹோல்பைன் என்ற ஓவியர் வரைந்த படத்தைப் பார்த்து ஹென்றி சம்மதித்தார், நேரில் பார்த்துவிட்டு முகம் சுளித்தார். மேட்ரிமோனியில் போட்டோவைப் பார்த்து ‘ஓகே’ சொல்லிவிட்டுப் பெண் பார்க்க வந்து ‘படத்தில் வேற மாதிரி இருந்துச்சே’ என்று இழுத்த மாப்பிள்ளைகளை நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்! 1540 ஜனவரியில் கல்யாணம், ஜூலையில் ரத்து. ஆனால் அந்தம்மாவுக்கு ரிச்மண்ட் அரண்மனை கிடைத்தது, வருமானம் கிடைத்தது, தலை தோளிலேயே இருந்தது. ஹென்றிக்குப் பிறகும் பத்து வருஷம், மற்ற ஐந்து ராணிகளையும் தாண்டி 1557 வரை இருந்தார். போட்டி யார் அதிகம் கஷ்டப்பட்டார் என்பதல்லவா, ‘எனக்கு என்ன குறை’ என்று அவர் ஆடுகிற ஆட்டத்தில் சபைப் பெண்கள் ஆர்ப்பரிப்பதைப் பார்க்க வேண்டும். ஜெயித்தவளுக்கான கூச்சல் அது.

இப்போது கேத்தரின் ஹோவர்ட். உங்கள் மூன்றாவது கேள்வி இந்தப் பாட்டில்தான் இருக்கிறது.

இளஞ்சிவப்பு உடையில் குதிரைவாலை ஆட்டிக்கொண்டு, மற்ற ராணிகளை நக்கலடித்தபடி ஆரம்பிப்பாள். துள்ளல் மெட்டு. சபை தாளத்துக்குக் கைதட்டும், சிரிக்கும். முதல் சரணத்தில் பாட்டு வாத்தியார். இரண்டாவதில் வீட்டில் வேலைக்கு இருந்த ஒருத்தன். மூன்றாவதில் ராஜாவே. நான்காவதில், நண்பன் என்று அவள் நம்பியவன். ஒவ்வொரு முறையும் ‘இவன் வேற மாதிரி’ என்று நம்பித் தொடங்குவாள், ஒவ்வொரு முறையும் பல்லவி அதே இடத்துக்கு வந்து சேரும். சுற்றி ஆடும் ராணிகளின் கைகள் அவள் மேல் படும். முதலில் அது நடன அசைவு மாதிரித்தான் இருக்கும். போகப்போக அந்தக் கைகளின் எண்ணிக்கை கூடும், அவள் சிரிப்பு உறையும், விலக்கப் பார்ப்பாள். மெட்டு மட்டும் அதே துள்ளலில் ஓடிக்கொண்டிருக்கும். கடைசிச் சரணத்தில் குரல் உடையும்போது, கைதட்டிக்கொண்டிருந்த ஒவ்வொருவரும் எங்கே நிறுத்தினோம் என்று தெரியாமல் நிறுத்தியிருப்பார்கள். ஒரு முறை என் பக்கத்தில் கிரீடம் வைத்த ஒரு அம்மா, முதல் சரணத்துக்குத் தோளை ஆட்டிக்கொண்டிருந்தவர், நான்காவதில் தன் மகளின் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டார். மகளுக்கு ஏன் என்று புரிந்த மாதிரி இல்லை.

வரலாறும் அதேதான். அந்த வாத்தியாரின் தொந்தரவு தொடங்கியபோது அவளுக்குப் பதின்மூன்று வயது இருக்கலாம். ராஜாவைக் கட்டியபோது அவருக்கு 49, அவளுக்குப் பதினேழு பக்கம். 1542 பிப்ரவரி 13-இல் தலை போனபோது இருபதைத் தொட்டிருக்கவில்லை என்றுதான் பெரும்பாலும் கணிக்கிறார்கள். அவள் மேல் போட்ட குற்றம் ராஜத் துரோகம், காட்டிய காரணம் ஒழுக்கக்கேடு.

நாடகக்காரர்கள் பத்து வயதுக்கு மேல் என்றுதான் பரிந்துரைக்கிறார்கள். கெட்ட காட்சி என்று எதுவும் கிடையாது, எல்லாம் பாட்டுக்குள்ளேயே. பத்து வயதுப் பிள்ளைகளில் பலர் அதை ஒரு ஜாலிப் பாட்டாகவே கடந்துபோவார்கள். என் யோசனை, கூட்டிப்போங்கள், ஆனால் முன்கூட்டியே பேசிவிட்டுக் கூட்டிப்போங்கள். நம் வீடுகளில் இந்தப் பேச்சு வந்தால் டிவி சத்தத்தைக் கூட்டிவிடுகிற பழக்கம் இருக்கிறது. இங்கே பல தொடக்கப் பள்ளிகளில் என்எஸ்பிசிசி என்ற குழந்தைகள் பாதுகாப்பு அமைப்பின் ‘பேண்ட்ஸ்’ விதியைச் சொல்லிக்கொடுக்கிறார்கள்: உள்ளாடை மறைக்கிற இடம் உன்னுடையது, பிடிக்காவிட்டால் வேண்டாம் என்று சொல், ரகசியம் என்று யாராவது மிரட்டினாலும் பெரியவர்களிடம் சொல். மகளிடம் அது தெரியுமா என்று கேளுங்கள், அவளே உங்களுக்குப் பாடம் எடுப்பாள். பிறகு, ‘அந்த பிங்க் ராணிக்குச் சொல்ல யாரும் இல்லை’ என்று ஒரு வரி போதும்.

கடைசியில் கேத்தரின் பார் போட்டியையே நிறுத்துகிறார். நம்மை ஒருவரோடு ஒருவர் ஒப்பிட வைத்ததே அந்த மனுஷன்தானே என்று ஒரு கேள்வி. பிறகு ஆறு பேரும் தங்கள் கதைக்கு வேறு முடிவு கற்பனை செய்து பாடுவார்கள். இங்கேதான் பார்த்தவர்கள் பிரிகிறார்கள். பிள்ளைகளுக்கு அது கொண்டாட்டம். சரித்திரம் படித்தவர்கள், பாரைப் பிழைத்தவள் என்பதே அரைகுறை என்பார்கள்: 1545-இலேயே தன் பெயர் போட்டுப் புத்தகம் வெளியிட்ட பெண், ஹென்றி இறந்த மறு வருஷமே பிரசவத்தை ஒட்டி இறந்துபோனார். இன்னும் சிலர், அவ்வளவு கனமான ஹோவர்ட் பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடத்தில் எல்லாரும் கைகோத்து ஆடுவது பூசி மெழுகுகிற வேலை என்பார்கள். எனக்கும் கடைசிப் பாட்டில் பாதி மனசுதான் ஒட்டும். ஆனால் அந்தக் கேள்வி எனக்கு வேண்டும். ‘யாருக்கு அதிகக் கஷ்டம்’ என்று அதுவரை உற்சாகமாகக் கூச்சல் போட்டவர்கள் நாம்தானே. அந்த ஒரு நொடியில் சபையில் அங்கங்கே ஒரு அசட்டுச் சிரிப்பு எழும், கவனியுங்கள்.

போக்குவரத்து: லண்டன் டிக்கெட் போடுவதற்கு முன் உங்கள் ஊர் கர்வ் தியேட்டர் அறிவிப்பைப் பாருங்கள், இதற்கென்று நாட்டைச் சுற்றிவரும் குழு ஒன்று உண்டு. லண்டன்தான் என்றால் வார இறுதி மதியக் காட்சி எடுங்கள். ஃபேமிலி அண்ட் ஃபிரெண்ட்ஸ் ரயில் கார்டு வாங்கினால் பெரியவர் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கும், பிள்ளைக்கு 60 சதவீதமும் குறையும். செயின்ட் பாங்க்ராஸில் இறங்கி பிக்கடில்லி லைனில் கோவென்ட் கார்டன், அங்கிருந்து நடை. சீட் மேல்மாடியில் மலிவாகக் கிடைக்கும், ஆனால் வாட்வில் 1870-இல் தொடங்கிய தியேட்டர், படி செங்குத்து, கால் நீட்ட இடம் கஷ்டம். ‘ரெஸ்ட்ரிக்டட் வியூ’ என்று போட்டிருந்தால் ஏதோ ஒன்று மறைக்கும் என்று அர்த்தம், பிறந்தநாளுக்கு அது வேண்டாம்.

பார்த்துவிட்டு வந்து மகள் ‘அடுத்து?’ என்று கேட்பாள். ஹென்றியின் ஹாம்டன் கோர்ட் அரண்மனை தூரம், டிக்கெட்டும் கூடுதல். லெஸ்டரிலிருந்து நேர் ரயிலில் ஒரு மணி நேரத்தில் பீட்டர்பரோ. அங்கே கதீட்ரலுக்குள் முதல் ராணி அரகானின் சமாதி இருக்கிறது. மாதுளை அவருடைய சின்னம் என்பதால் மாதுளம்பழம் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. மகளிடம் ஒன்றைக் கொடுத்துக் கூட்டிப்போங்கள்.