தோற்கிற அணியின் பையன்

அன்புள்ள ஐயா,

நீங்கள் சில வருடங்கள் பிட்ஸ்பர்கில் இருந்ததாக எழுதியிருந்தீர்கள். அதனால்தான் இதை உங்களிடம் கேட்கத் தோன்றியது. நான் இங்கே வந்து பதினெட்டு வருடம் ஆகிறது. என் மகன் இங்கேயே பிறந்தவன், பதினான்கு வயது. பைரட்ஸ் பேஸ்பால் அணி என்றால் அவனுக்கு உயிர். அந்த அணியோ அவனுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து தோற்றுக்கொண்டே இருக்கிறது. ஏப்ரலில் துள்ளுவான், ஜூனில் முகம் வாடும், செப்டம்பரில் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வான். "டாட்ஜர்ஸுக்கோ யாங்கீஸுக்கோ மாறிக்கொள்ளேன், யார் கேட்கப் போகிறார்கள்?" என்று சொல்லிப் பார்த்தேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ஒரு விளையாட்டுக்காகப் பிள்ளை இவ்வளவு வருத்தப்பட வேண்டுமா? இதை எப்படி விடச் செய்வது?

ஆர்., பிட்ஸ்பர்க்

அன்புள்ள ஆர்.,

விடச் செய்யாதீர்கள். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம்.

நான் அங்கே இருந்தபோது எதிர்வீட்டில் ஒரு பெரியவர் இருந்தார். எஃகு ஆலையில் வேலை பார்த்தவர். ஆலை மூடியபிறகு பள்ளி பஸ் ஓட்டியிருக்கிறார். கோடைகாலத்தில் தினமும் மாலை வாசல் திண்ணையில் ரேடியோவை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். மடியில் ஒரு நோட்டு. பிட்சர் எறிகிற பந்தில் என்ன நடந்தது என்று கட்டம் கட்டமாகப் பென்சிலால் குறித்துக்கொண்டே வருவார். 2010-ஆம் வருடம் அது. அந்த சீசனில் பைரட்ஸ் 162 ஆட்டங்களில் 105-ல் தோற்றது. உங்களுக்கு வந்த அதே கேள்வி எனக்கும் வந்து, ஒருநாள் அவரிடம் கேட்டேன். எதற்காக இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்று.

அவர் பதில் சொல்லவில்லை. நோட்டைத் திருப்பி, அன்றைக்கு ஏழாவது இன்னிங்ஸில் ஒரு டபுள் பிளே, அதாவது ஒரே பந்தில் இரண்டு பேர் அவுட், எப்படி அமைந்தது என்று விளக்க ஆரம்பித்துவிட்டார். பந்து யார் கைக்குப் போனது, அவர் எந்தக் காலை ஊன்றித் திரும்பினார், எறிந்த வேகம் எப்படி இருந்தது என்று பத்து நிமிடம். அணி அன்று தோற்றிருந்தது. அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்கு அன்று புரியவில்லை. பிறகு யோசித்தால், 105 தோல்வி என்றால் 57 வெற்றியும் இருக்கிறது. அந்த மோசமான வருடத்திலும் ஐம்பத்தேழு நாள் அந்த மனிதர் சந்தோஷமாகத் தூங்கப் போயிருக்கிறார். நானோ பட்டியலில் அணி எங்கே நிற்கிறது என்பதை மட்டும் பார்த்துவிட்டு அவருக்காகப் பரிதாபப்பட்டுக்கொண்டிருந்தேன்.

வலி இல்லை என்று சொல்ல வரவில்லை. பைரட்ஸ் ரசிகர்களுக்கு இருப்பது பெரிய வலி. உங்கள் மகனுக்கு இது மனப்பாடமாக இருக்கும், உங்களுக்காகச் சொல்கிறேன். 1992 அக்டோபர் 14, அட்லாண்டாவில் ஏழாவது ஆட்டம். வென்றால் பேஸ்பாலின் இறுதிப் போட்டியான உலகத் தொடர். கடைசி இன்னிங்ஸுக்குள் 2-0 என்ற முன்னிலையோடு போகிறார்கள். அது 2-1 ஆகி, இன்னும் ஒரே ஒரு அவுட் பாக்கி. அட்லாண்டா அணியில் அதிகம் பேர் கேள்விப்பட்டிராத பிரான்சிஸ்கோ கப்ரேரா அடித்த பந்து இடப்பக்கம் போகிறது. பைரட்ஸின் நட்சத்திரம் பாரி பாண்ட்ஸ் எடுத்து எறிகிறார். அதற்குள் மூன்றாவது தளத்திலிருந்தவர் வந்து சேர்ந்து 2-2. இரண்டாவது தளத்திலிருந்து ஓடி வருபவர் சிட் பிரீம், முழங்காலில் பல அறுவை சிகிச்சைகள் ஆனவர், ஓட்டத்தில் மெதுவானவர், அதற்குச் சில வருடம் முன்புவரை பைரட்ஸுக்கே ஆடியவர். சறுக்கி விழுந்து, ரன் முடிகிற ஹோம் தளத்தைத் தொட்டுவிட்டார். 3-2, அட்லாண்டா வென்றது. அந்தக் குளிர்காலத்தில் பாண்ட்ஸ் சான் பிரான்சிஸ்கோவுக்குப் போய்விட்டார். அதற்கடுத்து 1993-லிருந்து 2012 வரை, தொடர்ந்து இருபது சீசன், வெற்றியைவிடத் தோல்வி அதிகம். வட அமெரிக்காவின் பெரிய விளையாட்டு லீக்குகளில் வேறெந்த அணிக்கும் இப்படி நேர்ந்ததில்லை. 1993-ல் பிறந்த ஒரு குழந்தை கல்லூரி போகிறவரை தன் அணி நன்றாக ஆடிய ஒரு வருடத்தைக்கூடப் பார்க்கவில்லை.

இதற்கு அணி மேலோ ஊர் மேலோ சாபம் எதுவும் இல்லை, காரணம் பணம். இதை உங்கள் மகனோடு உட்கார்ந்து பேசுங்கள், அவனுக்குப் பிடிக்கும். 2009-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பிப்ரவரியில் ஸ்டீலர்ஸ் அமெரிக்கக் கால்பந்தின் சூப்பர் பௌல் பட்டத்தை வென்றது. ஜூனில் பெங்குவின்ஸ் ஐஸ் ஹாக்கியின் ஸ்டான்லி கோப்பையை வென்றது. அதே வருடம் பைரட்ஸ் தொடர்ந்து பதினேழாவது தோல்வி சீசனை முடித்துப் பழைய சாதனையை முறியடித்தது. மூன்றும் ஒரே ஊர் அணிகள், மூன்றுக்கும் கருப்பும் மஞ்சளும்தான் நிறம். வித்தியாசம் எங்கே என்றால், அமெரிக்கக் கால்பந்திலும் ஐஸ் ஹாக்கியிலும் ஓர் அணி வீரர்களுக்கு இவ்வளவுக்கு மேல் சம்பளம் கொடுக்கக் கூடாது என்று உச்சவரம்பு உண்டு. பேஸ்பாலில் கிடையாது. டாட்ஜர்ஸ் செலவழிப்பதில் மூன்றில் ஒரு பங்குகூட பைரட்ஸ் செலவழிப்பதில்லை. சிறிய ஊர், டிவி வருமானம் குறைவு என்பது உண்மைதான். ஆனால் அதே அளவு ஊர்களில் இருந்துகொண்டு இன்னும் நன்றாக நடத்துகிற அணிகளும் இருக்கின்றன. அதனால்தான் 2025 ஏப்ரலில் சொந்த ஊரில் நடந்த முதல் ஆட்டத்திலேயே ரசிகர்கள் "அணியை விற்றுவிடு" என்று உரிமையாளரைப் பார்த்துக் கோஷம் போட்டார்கள்.

அந்தக் கோஷம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அணி வேறு, அணியை வைத்திருப்பவர் வேறு என்று அந்த ஜனங்களுக்குத் தெளிவாகத் தெரிகிறது. அதே மாதம் மைதானத்தின் வலப்பக்கச் சுவரில் இருந்த '21' என்ற எண் அடையாளத்தை எடுத்துவிட்டு அங்கே ஒரு பான விளம்பரத்தை வைத்தார்கள். 21 என்பது ராபர்ட்டோ கிளெமென்டேயின் எண். போர்ட்டோ ரிகோவிலிருந்து வந்து பதினெட்டு சீசன் பைரட்ஸுக்காக மட்டுமே ஆடியவர். 1972 செப்டம்பர் 30-ல் தன் மூவாயிரமாவது ஹிட்டை அடித்தார். அந்த வருடத்தின் கடைசி நாள், நிலநடுக்கத்தில் சிதைந்த நிகராகுவாவுக்கு நிவாரணப் பொருள்களோடு புறப்பட்ட விமானம் கடலில் விழுந்து இறந்துபோனார். அந்தச் சுவரையே அவர் நினைவாக 21 அடி உயரத்துக்குக் கட்டியிருக்கிறார்கள். அங்கே விளம்பரத்தைப் பார்த்ததும் ஊரே கொதித்தது, அவர் குடும்பத்தாரும் கேட்டார்கள், எண் திரும்பி வந்தது. ஐம்பது தோல்வியைப் பொறுத்துக்கொள்கிறவர்கள் ஒரு எண்ணை எடுத்ததைப் பொறுத்துக்கொள்ளவில்லை. உங்கள் மகன் பிடித்துக்கொண்டிருப்பதும் இதைத்தான்.

இப்போது உங்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்களை யாராவது "எந்த ஊர்?" என்று கேட்டால் தமிழ்நாட்டில் ஓர் ஊர்ப் பெயர்தான் உங்கள் வாயில் வரும். பதினெட்டு வருடம் ஆனாலும் அப்படித்தான், அது இயல்பு. உங்கள் மகனைக் கேட்டால்? அவனுக்குப் பிட்ஸ்பர்க்தான் ஊர். அவனுக்கு அங்கே தாத்தா வீடு இல்லை, ஊர்த் திருவிழா இல்லை, அந்தத் தெருவில் பிறந்து வளர்ந்த பெரியப்பா இல்லை. நமக்கு ஓர் ஊரைச் சொந்தமாக்கிக் கொடுக்கிற எதுவும் அவனுக்கு அங்கே இல்லை. 1970-களில் உங்களுக்கு முன்னால் வந்தவர்கள் பிட்ஸ்பர்கை ஒட்டிய பென் ஹில்ஸில் மேட்டின் மேல் வேங்கடேஸ்வரர் கோயிலைக் கட்டி அந்த மண்ணில் கால் ஊன்றினார்கள். உங்கள் பையன் பைரட்ஸின் ஆற்றங்கரை மைதானத்தில் ஊன்றியிருக்கிறான். இன்னோர் ஊர் அணிக்கு மாறிக்கொள் என்று நீங்கள் சொன்னபோது, நீ இந்த ஊர்க்காரன் இல்லை என்று அப்பாவே சொல்வதாக அவன் காதில் விழுந்திருக்கும். இரண்டு நாள் பேசாமல் இருந்தது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

அந்த ஊருக்கு இந்த அணி எப்படிப்பட்டது என்பதற்கு எதிர்வீட்டுப் பெரியவரையே மறுபடி சொல்கிறேன். பைரட்ஸ் கடைசியாக உலகத் தொடரை வென்றது 1979-ல். ஹோம்ஸ்டெட் எஃகு ஆலை மூடியது 1986-ல். அவர் தெருவில் பாதி வீடுகள் காலியாகின, கூட வேலை பார்த்தவர்கள் வேறு மாநிலங்களுக்குப் போனார்கள். அவர் சிறுவனாக இருந்தபோது பார்த்தவற்றில் அப்படியே மிச்சம் இருந்தது ரேடியோவில் வரும் இந்த ஆட்டம்தான். அதுவும் தோற்கிறது என்பதற்காக அதை அணைத்துவிட முடியுமா அவரால்?

2013 அக்டோபர் 1-ஆம் தேதி இரவை நான் அவர் வீட்டில் இருந்து பார்த்தேன். இருபத்தோரு வருடம் கழித்து முதல் பிளே ஆஃப் ஆட்டம், சின்சினாட்டி ரெட்ஸோடு. மைதானத்தில் நாற்பதாயிரத்துக்கும் மேல் கூட்டம், எல்லோரும் கருப்பு உடையில். எதிரணிப் பிட்சர் ஜானி குவேட்டோவின் பெயரை இழுத்து இழுத்து ஒரே குரலில் கத்துகிறார்கள். குவேட்டோவின் கையிலிருந்து பந்து நழுவிக் கீழே விழுந்தது. அரங்கம் இரைந்தது. அடுத்த பந்தைப் பைரட்ஸின் ரஸ்ஸல் மார்ட்டின் ஹோம் ரன் அடித்தார், நம் சிக்ஸர் மாதிரி. பெரியவர் எழுந்து நிற்கவும் இல்லை, கத்தவும் இல்லை. பென்சிலை எடுத்துக் கட்டத்தில் குறித்தார். கை நடுங்கியதில் கோடு வெளியே போய்விட்டது. அழித்துவிட்டு மறுபடி போட்டார். யாங்கீஸ் ரசிகர் ஒருவருக்கு, அவர்கள் 27 முறை பட்டம் வென்றிருக்கட்டும், அப்படி ஓர் இரவு வாய்த்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

அது நிலைக்கவில்லை. 2014-லும் 2015-லும் ஒரே ஆட்டத்தோடு வெளியேறினார்கள். 2015-ல் 98 வெற்றி பெற்றும் அப்படி. உங்கள் மகனுக்கு அப்போது நான்கு வயது இருந்திருக்கும். அதன் பிறகு 2025 வரை பிளே ஆஃப் பக்கமே போகவில்லை.

இப்போது அவனுக்குப் பைரட்ஸ் பிட்சர் பால் ஸ்கீன்ஸ் இருக்கிறார். நிச்சயம் அவர் படம் அவன் ரூமில் இருக்கும். 2025-ல் லீக்கின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை ஒருமனதாக வாங்கினார். ஆனால் அவர் கணக்கில் பத்து வெற்றி, பத்துத் தோல்வி. அவர் அவ்வளவு அருமையாக எறிந்தும் அணியால் ரன் எடுக்க முடியவில்லை. அவரை அணி தன்னிடம் வைத்துக்கொள்ளும் உரிமை 2029 சீசனோடு முடிகிறது. பாண்ட்ஸ் போனதுபோல, கெரிட் கோல் என்ற பிட்சரை வேறு அணிக்குக் கொடுத்துவிட்டதுபோல, இவரும் போய்விடலாம். அன்று உங்கள் மகனுக்குப் பதினெட்டு வயது. அந்தச் செய்தி வருகிற நாளில் "அப்பவே சொன்னேனே" என்று நீங்கள் சொல்லாமல் இருக்க வேண்டும். அதற்கு இப்போதிலிருந்தே நீங்கள் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

நான் ஊர் திரும்பிப் பல வருடம் ஆகிவிட்டது. இங்கே விடிகிற நேரத்தில் அங்கே ஆட்டம் முடியும். இன்றும் காபிக்கு முன்னால் ஸ்கோரைத்தான் பார்க்கிறேன். அந்தப் பழக்கத்தைக் கொடுத்தது அந்த எதிர்வீட்டு வாசல்.

ஏப்ரலில் இரண்டு டிக்கெட் வாங்குங்கள். காரை ஆற்றுக்கு இந்தப் பக்கம் நிறுத்திவிடுங்கள். ஆட்டம் இருக்கிற நாளில் கிளெமென்டே பாலத்தில் வண்டிகளை விடமாட்டார்கள், ஜனங்கள் நடுரோட்டில் நடந்து போவார்கள், நீங்களும் அவனோடு நடந்து போங்கள். யார் ஜெயிப்பார்கள் என்று கேட்காதீர்கள். ஸ்கோர் அட்டை ஒன்று வாங்கி, எழுதச் சொல்லித் தரும்படி அவனிடம் கேளுங்கள். மூன்று ஸ்டிரைக்கில் ஆட்டக்காரர் அவுட் ஆனால் ஆங்கில 'கே' எழுத்தைப் போடுவார்கள். சில கட்டங்களில் அதையே இடவலமாகத் திருப்பிப் போடுவார்கள். அது எதற்கு என்று அவன்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

அன்புடன்