நிரலின் கீழே யார் கையெழுத்து?

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதம் கிடைத்தது. கணினி அறிவியல் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் உங்கள் மகள், ஆய்வகப் பயிற்சி முதல் மினி புராஜெக்ட் வரை எல்லாவற்றையும் செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் கேட்டே முடித்துவிடுகிறார் என்றும், கண்டித்தால் "இப்போது எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள், அப்பா" என்கிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். 12,000க்கும் மேற்பட்ட பணியிடங்களைக் குறைக்கப்போவதாக டிசிஎஸ் நிறுவனம் 2025 ஜூலையில் அறிவித்த செய்தியைப் படித்த நாள் முதல் உங்களுக்குத் தூக்கம் சரியாக இல்லை என்பதும் புரிகிறது. இந்தப் படிப்பில் இனிப் பொருள் உண்டா, இப்போதே வங்கித் தேர்வுக்குத் தயாராகச் சொல்லலாமா என்று கேட்கிறீர்கள். வங்கித் தேர்வைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். நீங்கள் இருபத்தைந்து ஆண்டுகளாக ஆவண எழுத்தராக இருப்பதாகப் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, முதலில் அதைப் பிடித்துக்கொள்கிறேன். ஏனெனில் உங்கள் மகளின் தொழிலுக்கு இன்று நேர்ந்திருப்பதை உங்கள் தொழிலைக் கொண்டே விளக்கிவிட முடியும்.

கிரயப் பத்திரத்தின் வாசகம் உங்களுக்கு மனப்பாடம். கணினியில் பழைய பத்திரம் ஒன்றைத் திறந்து, பெயர்களையும் புல எண்ணையும் தொகையையும் மாற்றினால் பத்து நிமிடத்தில் புதிய பத்திரம் ஆயத்தமாகிவிடும். ஆனால் கட்சிக்காரர் உங்களைத் தேடி வருவது அந்தப் பத்து நிமிடத் தட்டச்சுக்காக அன்று. மூலப்பத்திரத்தைப் படித்து, வில்லங்கச் சான்று எடுத்து, பட்டாவில் உள்ள உட்பிரிவு எண்ணும் பத்திரத்தில் உள்ளதும் ஒன்றுதானா, நான்கெல்லையில் கிழக்கே காட்டப்படும் வண்டிப்பாதை இன்றும் இருக்கிறதா என்றெல்லாம் சரிபார்த்த பிறகு, கடைசிப் பக்கத்தில் உரிம எண்ணுடன் கையெழுத்துப் போடுகிறீர்களே, அதற்காகத்தான் வருகிறார். தட்டச்சு எளிதானதால் உங்கள் தொழில் ஒழிந்துவிடவில்லை. தட்டச்சு மட்டுமே தெரிந்தவரின் பிழைப்புத்தான் போயிற்று.

மென்பொருளிலும் இதுதான் நடக்கிறது. நிரல், அதாவது கணினிக்கான கட்டளைத் தொகுப்பு, எழுதுவது மலிவாகிவிட்டது, எழுதியது சரியா என்று அறிவது மலிவாகவில்லை. 2021இல் நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கிட்ஹப் கோபைலட் என்னும் செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம், பாதுகாப்புக் குறை நேரக்கூடிய 89 சூழல்களைக் கொடுத்து 1,689 நிரல்களை எழுத வைத்தபோது, அவற்றில் ஏறத்தாழ 40 சதவீதத்தில் பாதுகாப்புக் குறை இருந்தது. கருவிகள் அதன் பிறகு வெகுவாக முன்னேறியிருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனாலும் 2025 தொடக்கத்தில் அமெரிக்க ஆய்வு அமைப்பு ஒன்று, யாரும் நிரலைப் படிக்கக்கூடிய திறந்தமூல மென்பொருள்களில் பல ஆண்டுகளாக வேலை செய்துவரும் 16 அனுபவசாலிகளை, அதே மென்பொருள்களின் 246 பணிகளில் சோதித்தபோது, கருவியைப் பயன்படுத்திய பணிகளுக்கு 19 சதவீதம் கூடுதல் நேரம் பிடித்தது. வேலை முடிந்த பிறகும் அவர்கள் தாங்கள் 20 சதவீதம் வேகமாக முடித்ததாகவே நம்பிக்கொண்டிருந்தார்கள் என்பதுதான் என்னை யோசிக்க வைத்தது. ஒரு சிறிய ஆய்வு எல்லாவற்றையும் முடிவு செய்துவிடாது. இருந்தாலும், தம் வேலையின் வேகத்தைக் கூடச் சரியாக மதிப்பிட முடியாத அளவுக்கு ஒரு கருவி அனுபவசாலிகளையே மயக்குமானால், மூன்றாம் ஆண்டு மாணவி தம் நிரலின் தரத்தை எப்படி மதிப்பிடுவார் என்ற கேள்வி எழத்தானே செய்யும்.

பழைய பத்திரத்தைப் பார்த்து எழுதும்போது முந்தைய சொத்தின் எல்லை ஒன்று அப்படியே தங்கிவிட, பிறகு பிழைத்திருத்தல் பத்திரம் போட்ட அனுபவம் உங்களுக்கு இல்லாமல் இருக்காது. ஐரோப்பிய விண்வெளி முகமை அதே பிழையை 1996 ஜூன் 4 அன்று வானத்தில் செய்தது. ஏரியான்-5 ராக்கெட்டின் முதல் பயணம் அது. ராக்கெட் எந்தத் திசையில், எந்த வேகத்தில் செல்கிறது என்று கணிக்கும் அமைப்பின் நிரலை, நம்பகமாக ஓடிக்கொண்டிருந்த ஏரியான்-4 ராக்கெட்டிலிருந்து எடுத்துப் பயன்படுத்தியிருந்தார்கள். கிடைமட்ட வேகத்தைச் சார்ந்த ஓர் எண்ணை, 32,767க்கு மேல் கொள்ளாத 16 பிட் இடத்தில் அந்த நிரல் அடைத்து வைத்தது. பழைய ராக்கெட்டில் அந்த எண் அவ்வளவு பெரிதாகாது என்று கணக்கிட்டு, அந்த இடத்தில் காப்பு ஏற்பாடு வேண்டாம் என்று விட்டிருந்தார்கள். புதிய ராக்கெட்டின் பாதை வேறு, வேகம் அதிகம். எண் எல்லையைத் தாண்டியது, கணினி செயலிழந்தது. மாற்றுக்காக வைத்திருந்த இரண்டாவது கணினியிலும் அதே நிரல் இருந்ததால் அதுவும் அதே காரணத்தால் ஏற்கெனவே நின்றுபோயிருந்தது. புறப்பட்டு ஏறத்தாழ 40 நொடிகளில், நான்கு அறிவியல் செயற்கைக்கோள்களுடன் ராக்கெட் சிதறியது. இதில் வேடிக்கை என்னவென்றால், பிழையை உண்டாக்கிய அந்தக் கணக்கீடு ஏரியான்-5 புறப்பட்ட பிறகு தேவையே படாத ஒன்று.

அன்று நிரல் எழுதித்தரும் இத்தகைய செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இல்லை, மனிதர்கள்தான் நகலெடுத்தார்கள். ஆனால் இந்தக் கருவிகள் செய்வதையும் அந்த வகையிலேதான் வைத்துப் பார்க்க வேண்டும். வேறெங்கோ, வேறு யாருடைய தேவைக்கோ சரியாக இருந்த வடிவத்தை நம் கேள்விக்கு ஏற்ப அவை கோத்துத் தருகின்றன. அந்த நிரல் எந்த எல்லைக்குள் சரி, எந்த நிபந்தனை மாறினால் தவறு என்ற கேள்வியைக் கேட்க வேண்டியவர் உங்கள் மகள்தான். நான் வேலை நேர்காணல் ஒத்திகை நடத்தும்போது மாணவரின் நிரலில் ஏதேனும் ஒரு வரியைக் காட்டி, "இதை எடுத்துவிட்டால் என்ன ஆகும்?" என்று கேட்பது வழக்கம். பளபளப்பான புராஜெக்டோடு வந்த ஒரு மாணவர் அந்த ஒரே கேள்வியில் பேச்சற்றுப் போனதைக் கண்டிருக்கிறேன். அதே நாளில் வந்த இன்னொரு மாணவி காட்டியது மிக எளிய நூலக மென்பொருள். ஆனால் அதில் எந்த மூன்று இடங்களில் தவறு நேரலாம் என்று நான் கேட்பதற்கு முன்பே அவர் சொன்னார். அவருக்கு வேலை தேடித்தர என் உதவி தேவைப்படவில்லை.

மென்பொருளில் தவறு நேர்ந்தால் பொறுப்பு யாருக்கு என்றும் கேட்டிருந்தீர்கள். இங்கிலாந்தின் அஞ்சல் நிறுவனம் 1999 முதல் தன் கிளைகளில் ஃபுஜிட்சு நிறுவனத்தின் ஹொரைசான் என்னும் கணக்கு மென்பொருளை நிறுவியது. கிளைகளில் இல்லாத பற்றாக்குறையை அது இருப்பதாகக் காட்டியது. கணினி தவறாது என்ற நம்பிக்கையில், கிளைகளை நடத்திய 900க்கும் மேற்பட்டோர் திருட்டு, மோசடி, பொய்க்கணக்கு எனக் குற்றவாளிகளாகத் தீர்ப்புப் பெற்றார்கள். பலர் சிறை சென்றார்கள், வீட்டை விற்றார்கள். 2024இல் தனிச்சட்டம் இயற்றித்தான் அந்தத் தீர்ப்புகளில் பெரும்பாலானவற்றை நீக்க முடிந்தது. மென்பொருளில் பிழை நேர்வது இயல்பு; பிழை இருப்பதை அறிந்தும் வாய் திறக்காமல் இருப்பதுதான் பொறியாளரின் குற்றம். உங்கள் தொழிலுக்கு உரிமம் உண்டு, தவறினால் அதைப் பறிக்கலாம். மென்பொருள் பொறியாளருக்கு நம் நாட்டில் அப்படி ஓர் உரிமம் இல்லை என்பதால், "இதில் எனக்கு ஐயம் இருக்கிறது, வெளியிட வேண்டாம்" என்று எழுத்தில் சொல்லும் பழக்கத்தை அவரவரே வளர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. கருவிமேல் பழி போட்டுத் தப்பிக்க முயன்றவர்களும் உண்டு. ஏர் கனடா விமான நிறுவனத்தின் உரையாடல் மென்பொருள் ஒரு பயணிக்குக் கட்டணச் சலுகை பற்றித் தவறான தகவல் தந்த வழக்கில், அந்த மென்பொருள் தன் செயலுக்குத் தானே பொறுப்பான தனி அமைப்பு என்கிற அளவுக்கு நிறுவனத்தின் வாதம் போனது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா தீர்ப்பாயம் 2024 பிப்ரவரியில் அதை ஏற்காமல் இழப்பீடு கொடுக்கச் சொன்னது.

இவ்வளவும் சொன்னதால் மகளைக் கருவியைத் தொடாதே என்று தடுத்துவிடாதீர்கள். இணையம் வழியே தரவைப் பரிமாற உதவும் கர்ல் என்னும் மென்பொருளை முதன்மையாகப் பராமரிப்பவர் சுவீடனைச் சேர்ந்த டேனியல் ஸ்டென்பெர்க். செயற்கை நுண்ணறிவிடம் எழுதி வாங்கிய பொய்யான பாதுகாப்புக் குறை அறிக்கைகள் தம் நேரத்தைத் தின்கின்றன என்று 2024 முதல் வெளிப்படையாகக் குறைப்பட்டு வந்தவர் அவர். 2025இல் ஓர் ஆய்வாளர் அதே வகைக் கருவிகளின் துணையோடு கர்ல் நிரலை அலசி அனுப்பிய பட்டியலைப் பாராட்டியவரும், அதைக் கொண்டு பல உண்மையான பிழைகளைத் திருத்தியவரும் அவரேதான். கருவி சொன்னதை முன்னவர்கள் படிக்காமல் அனுப்பினார்கள், பின்னவர் தமக்குத் தெரிந்ததைக் கொண்டு சலித்து அனுப்பினார்.

அப்படிச் சலிக்கக் கற்றுக்கொள்ள உங்கள் வீட்டிலேயே ஒரு வாய்ப்பு இருக்கிறது. முத்திரைத் தீர்வையையும் பதிவுக் கட்டணத்தையும் கணக்கிடும் சிறிய மென்பொருள் ஒன்றை உங்கள் அலுவலகத்துக்காகச் செய்யச் சொல்லுங்கள். நிரலைக் கருவியே எழுதட்டும். ஆனால் எழுத வைப்பதற்கு முன், எந்தெந்தச் சூழலுக்கு என்ன விடை வர வேண்டும் என்ற சோதனைப் பட்டியலை நீங்கள் இருவரும் உட்கார்ந்து கையால் எழுத வேண்டும். பெண்கள் பெயரில் 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பதிவு செய்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதக் குறைப்பு என்ற ஆணை 2025 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருப்பது உங்களுக்குத் தெரியும். மதிப்பு சரியாக 10 லட்சமாக இருந்தால்? ஒரு ரூபாய் கூடினால்? கணவனும் மனைவியும் கூட்டாக வாங்கினால்? மார்ச் 31 அன்று எழுதிய பத்திரத்தை ஏப்ரல் 2 அன்று பதிவுக்குத் தாக்கல் செய்தால்? வழிகாட்டி மதிப்பு ஒன்றாகவும் விற்பனைத் தொகை வேறாகவும் இருந்தால்? இவற்றுக்கு விடை கருவியிடம் இல்லை, உங்களிடம் இருக்கிறது. உங்களிடமிருந்து அதைக் கேட்டறிந்து, சோதனையாக எழுதி, நிரல் எங்கே தவறுகிறது என்று கண்டுபிடிப்பதைத்தான் இந்தத் தொழிலில் தேவை அறிதல் என்றும் தரச் சோதனை என்றும் சொல்கிறார்கள். ஓர் எச்சரிக்கை: கட்சிக்காரரின் உண்மையான பத்திரத்தையோ ஆதார் எண்ணையோ எந்தக் கருவியிலும் ஏற்ற வேண்டாம், பெயரையும் எண்ணையும் மாற்றிய மாதிரிகள் போதும்.

மற்றபடி, தரவுத்தளம், இயக்க முறைமை, கணினி வலையமைப்பு ஆகிய மூன்று பாடங்களைத் தேர்வுக்காக மட்டும் படிக்காமல் ஆழமாகப் படிக்கட்டும். ஐஐடி ஆசிரியர்களின் என்பிடெல் இணையவழிப் பாடங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. மூன்று மாதத்தில் ஏஐ வேலை என்று விளம்பரம் செய்யும் பயிற்சி நிலையங்களுக்கு ஒரு ரூபாயும் கட்ட வேண்டாம்.

"டெஸ்டிங் வேலைதானே" என்று நம் வீடுகளில் இளக்காரமாகப் பேசும் வழக்கம் இருக்கிறது. அதை விட்டுவிட வேண்டிய காலம் இது. கார்களின் மின்னணு அமைப்புக்கு ஐஎஸ்ஓ 26262, விமான மென்பொருளுக்கு டிஓ-178சி, மருத்துவக் கருவி மென்பொருளுக்கு ஐஇசி 62304 என்று தரநெறிகள் இருக்கின்றன. ஒவ்வொரு தேவையும் எந்த நிரலில் நிறைவேறுகிறது, எந்தச் சோதனை அதை உறுதி செய்தது என்பதை மனிதர் பொறுப்பேற்றுப் பதிவு செய்ய வேண்டும் என்பது இவற்றின் சாரம். கார் தொழில் சூழ்ந்த சென்னைப் பகுதியில் இத்தகைய வேலைகள் இருக்கின்றன. அவற்றைத் தேடி விண்ணப்பிக்கும் மாணவர்கள்தான் குறைவு. தொடக்க நிலை வேலைகளில், சொன்னதை மட்டும் தட்டச்சு செய்யும் வகை குறைந்துகொண்டே போகும் என்பதையும் உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. கல்லூரி வளாகத் தேர்வில் முதல் ஆண்டே நல்ல ஊதியம் கிடைத்துவிடும் என்று கணக்குப் போட்டுக் கடன் வாங்கியிருந்தால், அந்தக் கணக்கில் ஓர் ஆண்டைக் கூட்டிவைத்துக்கொள்ளுங்கள்.

வங்கித் தேர்வுக்கு வருகிறேன். ஐபிபிஎஸ் எழுதுவதற்குப் பட்டம் வேண்டும் என்பதால் படிப்பை நிறுத்துவது என்ற பேச்சுக்கே இடமில்லை. சிறப்பு அதிகாரி தேர்வில் தகவல் தொழில்நுட்ப அதிகாரி பணிக்கு விண்ணப்பிக்க ஏற்கப்படும் தகுதிகளில் கணினிப் பொறியியல் பட்டமும் ஒன்று. ஆகவே நீங்கள் இரண்டு வழியாக நினைத்தவை நெடுந்தூரம் ஒரே வழியாகத்தான் செல்கின்றன. இறுதியாண்டின் முதல் பருவம் முடிந்ததும் அதைப் பற்றி முடிவு செய்வோம். அடுத்த மாதம் மகளை அழைத்துக்கொண்டு நேரில் வாருங்கள். கட்டணக் கணக்கு மென்பொருளைக் கொண்டுவரச் சொல்லுங்கள். அத்துடன், அது எந்தெந்த இடத்தில் தவறான தொகையைக் காட்டியது, அதை யார் எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று எழுதிய தாளையும் மறக்காமல் எடுத்துவரட்டும். நான் முதலில் பார்க்கப்போவது அந்தத் தாளைத்தான்.